சம்பந்திகளுக்குச் சொன்ன போன்ஜூர்

பங்குனிக் கடைசியில் தொடங்கி ஆனி பிறக்கும்வரை நான் பிரெஞ்சு படித்தேன். படித்தேன் என்பது பெரிய சொல். பார்த்ததும் சொல்வதற்கும் பிரியும்போது சொல்வதற்கும் உள்ள வார்த்தைகள், அவ்வளவுதான்.

மகன் புதுச்சேரியில் ஒரு பிரெஞ்சுக்காரப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டு அங்கேயே இருக்கிறான். அவளுடைய அப்பாவும் அம்மாவும் சீசனுக்குக் குற்றாலம் பார்க்க வருவதாக இருந்தார்கள். மகனுக்கும் மருமகளுக்கும் லீவு கிடைக்கவில்லை. மனைவி போனபிறகு தென்காசி வீட்டில் நான் தனி. வீட்டை விற்றுவிட்டுப் புதுச்சேரிக்கே வந்துவிடுங்கள் என்று மகன் நச்சரித்துக்கொண்டிருந்த நேரம் அது. சம்பந்திகளை ஒற்றை ஆளாக நின்று குறையில்லாமல் கவனித்து அனுப்பிவிட்டால் அந்தப் பேச்சு ஓயும் என்று நினைத்தேன்.

போனில் ஒரு பாடம் இறக்கிக்கொண்டேன். சரியாகச் சொன்னால் மணி அடித்துப் பாராட்டும். தப்பாகச் சொன்னாலும் பரவாயில்லை, மறுபடி முயலுங்கள் என்று அதே சந்தோஷத்தோடு சொல்லும். பகலுக்கு போன்ஜூர், மாலைக்கு போன்சுவார். சரி, மாலை எத்தனை மணிக்குத் தொடங்குகிறது? நாள், நேரம் எல்லாம் துல்லியமாகத் தெரிந்தால்தான் எனக்கு நிம்மதி. அந்தப் பாடத்தில் அது இல்லை. ஆறு புத்தகம் புரட்டினேன், ஒவ்வொன்றும் ஒரு நேரம் சொன்னது. 'ஓ ர்வுவார்' என்று விடைபெறுவதற்குத் தொண்டையில் மீன்முள் சிக்கியதுபோல ஓர் ஒலி வரவேண்டும். எனக்கு இருமல்தான் வந்தது.

மகன் அவர்களை விழுப்புரத்தில் ரயில் ஏற்றிவிட்டான். காலையில் தென்காசி ஸ்டேஷனில் இறங்கியதும் கைகூப்பி போன்ஜூர் சொன்னேன். இருவர் முகமும் மலர்ந்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம்.

ஆனால் எங்கள் பக்கத்தில் சம்பந்தி என்றால் சும்மா இல்லை. கண்ணில் படும்போதெல்லாம் எழுந்து, 'வாங்க, வாங்க' என்று கேட்க வேண்டும். மாடியிலிருந்து இறங்கினாலும் வாங்க, கைகழுவிவிட்டு வந்தாலும் வாங்க. என் கல்யாணத்தில் மாமனார் பந்தலில் யாரும் வாங்க என்று கேட்கவில்லை என்பதற்காக என் பெரியப்பா சாப்பிடாமலே கடையநல்லூருக்குப் பஸ் ஏறிவிட்டார். கடைசிவரை அந்த வீட்டுப் படி மிதிக்கவில்லை. எனவே வாங்க சொல்லவேண்டிய இடத்திலெல்லாம் போன்ஜூர் சொன்னேன். காப்பிக்கு வந்தபோது, குளித்துவிட்டு வந்தபோது, செருப்பு மாட்ட வாசலுக்கு வந்தபோது.

சமையல் செய்யும் அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "என்ன அண்ணாச்சி, காலையில இருந்து ஒரே வார்த்தையைச் சொல்லிக்கிட்டு அலையுதிய? சாப்பிட்டியளான்னு கேட்டாலும் ஒரு பிரயோசனம் உண்டு."

ஐந்தருவியில் ஆண்கள் பக்கம் நானும் சம்பந்தியும் குளித்தோம். தலை துவட்டியபடி வெளியே வந்தபோது, பெண்கள் பக்கத்திலிருந்து சம்பந்தியம்மா ஈரத்தோடு வந்தார். கைகூப்பினேன், போன்ஜூர் என்றேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, கண்ணுக்குள் உற்றுப் பார்த்தார். நர்ஸ் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பாசம் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை மகன் போன் செய்தான்.

"அப்பா, நேத்து மத்தியானம் என்ன சாப்பிட்டிய?"

"ஏன், உனக்குப் பசிக்கா?"

"சொல்லுங்களேன்."

"கூட்டாஞ்சோறு. உன் மாமனார் ரெண்டாந்தரம் வாங்கிச் சாப்பிட்டாரு."

"இன்னைக்கு என்ன கிழமை?"

"ஏலே, என்ன விசாரணை நடக்கு?"

அவன் தயங்கித் தயங்கிச் சொன்னான். "அத்தை ராத்திரி போன் பண்ணி அழுதாங்கப்பா. ஒவ்வொரு தடவையும் புதுசா பார்க்கிற மாதிரி வணக்கம் சொல்லுதியளாம். ஞாபகம் போகுதுன்னு சொல்லுதாங்க. இனிமே நீங்க அங்கன தனியா இருக்க வேண்டாம்."

பின்னால் மருமகள் சிரிக்கும் சத்தம் கேட்டது. போனை வாங்கினாள். "மாமா, எங்க ஊர்ல ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு போன்ஜூர்தான். திரும்பச் சொன்னா, காலையில பார்த்ததையே மறந்துட்டீங்கன்னு நினைப்பாங்க. அம்மாகிட்ட நான் சொல்றேன்."

இரண்டு மாதம் மணியடித்துப் பாராட்டிய பாடத்தில் இந்த ஒன்றைச் சொல்ல இடமில்லாமல் போயிருக்கிறது.

சம்பந்தியம்மாவுக்கு விஷயம் புரிந்துவிட்டது, என்னைக் கட்டிக்கொண்டு சிரித்தார். மகனுக்குத்தான் புரியவில்லை. "எதுக்கும் ஒரு டாக்டரைப் பார்த்திருங்க" என்று பிடிவாதம் பிடித்தான். அவர்கள் ஊர் திரும்பியதும் போனேன். சின்ன வயசு டாக்டர்.

"இன்னைக்கு என்ன தேதி, சார்?"

இங்கிலீஷ் தேதி சொன்னேன். தமிழ்த் தேதி, நட்சத்திரம், திதி சொன்னேன். எங்கள் பக்கத்துப் பழைய கணக்கான கொல்லம் ஆண்டையும் சொன்னேன். அவர் தன் போனை எடுத்துச் சரிபார்த்தார். திதி வந்த இடத்தில் நிறுத்தி, "போதும் சார், நீங்க கிளம்பலாம்" என்றார்.

வீட்டை விற்கும் பேச்சை மகன் இப்போதைக்கு விட்டுவிட்டான். பதிலுக்கு, தீபாவளிக்குப் புதுச்சேரி வருவதாக ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. சம்பந்திகளும் வருகிறார்களாம், அவர்கள் உறவுக்காரர்கள் சிலரும் வருகிறார்களாம். யாருக்கு போன்ஜூர் சொல்லியாச்சு, யாருக்குச் சொல்லவில்லை என்று விடிந்ததிலிருந்து நான் நினைவில் வைத்துக்கொண்டே நடமாட வேண்டும். ஒருவரிடம் இரண்டாம் தடவை சொல்லிவிட்டால் மறுபடி டாக்டர். அங்கே இருக்கும் டாக்டருக்குக் கொல்லம் ஆண்டெல்லாம் தெரிந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.