கல்வெட்டில் ஒரு புலம்பல் கூடுதல்

எங்கள் யாழ்ப்பாணத்து ஆட்கள் பினாங்குக்கு வந்து மூன்று தலைமுறை ஆன பிறகும் விடாமல் பிடித்துவைத்திருந்த வழக்கங்களில் ஒன்று கல்வெட்டு. பெயர்தான் கல்வெட்டு, அச்சடிப்பது காகிதத்தில். ஒருவர் இறந்த முப்பத்தோராம் நாள், அவருடைய குலம், குணம், பிள்ளைகள் வாங்கிய பட்டங்கள் எல்லாவற்றையும் செய்யுளாக்கிச் சின்னப் புத்தகமாகப் போடுவார்கள். அதில் உயிரான பகுதி புலம்பல். மக்கள் புலம்பல், மருமக்கள் புலம்பல், பேரப்பிள்ளைகள் புலம்பல் என்று ஒவ்வொரு தரப்பும் எதுகை மோனையோடு தனித்தனியாக அழ வேண்டும். சாப்பாட்டுக்கு முன்னால் ஒருவர் அதை ராகம் போட்டுப் படிப்பார். மற்றவர்கள் வடை வாசனையை முகர்ந்துகொண்டு சோகமாக உட்கார்ந்திருப்பார்கள்.

அழுகிறவர்களுக்கு யாப்பு தெரியாது என்பதால் இதற்கென்றே ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் இருந்தார். ஊரில் எந்த மருமகன் எந்த மாமியாருக்காகப் புலம்பினாலும் அது அவர் கைப்பட எழுதியதுதான். எண்பதுகளின் தொடக்கத்தில் அவர் மகள் வீட்டோடு இருக்கச் சிரம்பானுக்குப் போய்விட்டார். அவர் போன இரண்டாவது மாதத்தில் கெலுகோரில் இருந்த பெரியம்மா காலமானார். என் கணவரின் பெரியம்மா அவர். எண்பத்தொரு வயது, ஆறு பிள்ளைகள். புலம்புவதற்கு ஆள் நிறைய இருந்தது, எழுதுவதற்குத்தான் இல்லை.

அப்போது யாருக்கோ என் ஞாபகம் வந்தது. பள்ளி நாட்களில் நான் வெண்பாப் போட்டியில் ஒரு ஃபிளாஸ்க் பரிசு வாங்கியிருந்தேன். கல்யாணப் பேச்சின்போது என் அப்பா அதை நகைக் கணக்கோடு சேர்த்துச் சொல்லியிருந்தார். அந்த ஃபிளாஸ்க் எப்போதோ உடைந்துவிட்டது, ஆனால் மாப்பிள்ளை வீட்டார் வெண்பாவை மறக்கவில்லை.

ஆனால் அந்த நேரத்தில் நான் எதையும் எழுதும் நிலையில் இல்லை. நான்கு மாதங்களுக்கு முன்பு எனக்கு ஒரு பெண் குழந்தை பிறந்து, ஒன்பது நாள் இருந்துவிட்டுப் போயிருந்தது. பிரசவத்துக்குப் பிறகு எனக்குக் கடும் காய்ச்சல். பாதி நாட்கள் மருந்து மயக்கத்தில் கிடந்தேன். கண் விழித்த ஒரு மத்தியானம் என் கணவரின் அக்கா கட்டிலோரம் உட்கார்ந்து, "நேத்தே போயிடுச்சும்மா" என்றார். எங்கள் ஆட்களுக்குப் பிறந்தாலும் முப்பத்தொன்று, இறந்தாலும் முப்பத்தொன்று. முப்பத்தோராம் நாளில்தான் பிள்ளைக்குப் பெயர் வைப்பார்கள். அவள் அதுவரை நிற்காததால் பெயர் இல்லை. அத்தனை சின்னப் பிள்ளைக்குச் சடங்கும் இல்லை, கல்வெட்டும் இல்லை. பால் வற்றுவதற்கு மார்பில் மல்லிகைப்பூ வைத்துக் கட்டினார்கள். அதன் பிறகு வீட்டில் யாரும் அவளைப் பற்றிப் பேசவில்லை.

நானும் பேசவில்லை. அவளைப் பற்றி மட்டுமல்ல, எதைப் பற்றியும். தலை வாரவில்லை. குழாயைத் திறந்துவிட்டு, எதற்குத் திறந்தேன் என்று தெரியாமல் பார்த்துக்கொண்டு நின்றேன். டாக்டர் மாத்திரை கொடுத்தார். சொந்தக்காரர்கள் ஆலோசனை கொடுத்தார்கள். ஒருத்தர் தண்ணீர்மலை முருகனுக்கு நேர்த்திக்கடன் வைக்கச் சொன்னார், ஒருத்தர் சீன மருந்துக்கடையில் ஏதோ வேர் வாங்கிக் கொதிக்க வைக்கச் சொன்னார். டூரியான் பழத்தை நிறுத்தச் சொன்ன ஒன்றுவிட்ட அக்காவும் ஒருத்தர் இருந்தார். அது டூரியான் பருவமே இல்லை. "அடுத்தது பிறந்தா எல்லாம் சரியாப் போயிடும்லா" என்று சொல்லாதவர்கள் குறைவு. என் கணவர் அதைக்கூடச் சொல்லவில்லை. துறைமுக அலுவலகத்தில் கிளார்க். காலையில் ஸ்கூட்டரைத் துடைப்பார், போவார், வருவார், பேப்பர் படிப்பார். இந்த மனுஷனுக்கு ஒன்றுமே ஆகவில்லையா என்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது. அந்தக் கோபத்தைச் சொல்லவும் தெம்பு இல்லை.

"அவளுக்கு ஒரு வேலை குடுத்த மாதிரியும் இருக்கும்" என்று முடிவு செய்து கல்வெட்டை என் தலையில் கட்டினார்கள். மறுக்கவும் பேச வேண்டுமே, அதனால் ஒப்புக்கொண்டேன்.

சமையலறை மேசையில் உட்கார்ந்து பத்து நாளில் ஐந்து தரப்புக்கும் அழுது முடித்தேன். மருமகன்மார் அதிகம் அழுதுவிடக் கூடாது என்று மகன்மார் சொல்லியனுப்பினார்கள். ஆஸ்திரேலியாவில் இருந்த கடைசி மகனுக்கு வர முடியவில்லை, ஆகவே அவருக்கு இரண்டு செய்யுள் கூடுதலாக வேண்டுமாம். "அறுசுவையும் அன்போடே அள்ளியள்ளித் தந்தவளே" என்று மருமக்களுக்காக நான் எழுதியதை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது. பெரியம்மா வீட்டு சாம்பாரில் பருப்பைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஆனாலும் ஒரு விஷயம் நடந்தது. அடுத்தவர்களுக்காக எதுகை தேடித் தேடி, நான்கு மாதமாக ஓடாத மூளை மெல்ல ஓடத் தொடங்கியது. ஒரு நாள் பேரப்பிள்ளைகள் புலம்பலை முடித்த கையோடு, அடுத்த தாளில் நான் நினைக்காத தலைப்பு ஒன்றை எழுதியிருந்தேன்: தாய் புலம்பல்.

ஒன்பதுநாள் விருந்தாளி உன்பெயரும் கேட்குமுன்னே
முன்படியில் இறங்கிவிட்டாய் மூடவில்லை வாசலின்னும்
தைத்துவைத்த சட்டைக்குள் தைத்தவளும் மடிந்திருக்க
வைத்ததெங்கே எனத்தேடி வருகிறதே மார்பில்பால்.

இதைப் போல இன்னும் மூன்று. எழுதி முடித்துவிட்டுச் சத்தமாக அழுதேன். பிறகு தலை வாரிக்கொண்டேன். அந்தத் தாள் மறதியாக மற்றதோடு சேர்ந்து அச்சகத்துக்குப் போய்விட்டது என்றுதான் பல வருடம் எல்லோரிடமும் சொல்லிவந்தேன். பொய். கிளிப் போட்டு வைத்தது நான்தான். அவள் பெயரில்லாமலாவது எங்காவது அச்சில் இருக்கட்டும் என்று எனக்கு வெறி வந்திருந்தது. யாராவது பார்த்து எடுத்துவிட்டால் எடுத்துவிடட்டும் என்றும் இருந்தது.

சூலியா தெருவுக்குப் பின்னால் ஒரு சந்திலிருந்த தமிழ் அச்சகத்திலிருந்து புரூஃப் வந்தது. அது வீடு வீடாகப் போனது. எங்கள் ஆட்கள் கல்வெட்டுப் புரூஃப் பார்க்கும் முறை தனி. ஒவ்வொருவரும் தன் பெயரைத் தேடுவார், கண்டதும் பென்சிலால் ஒரு டிக் போடுவார், அடுத்த வீட்டுக்கு அனுப்புவார். செய்யுளை யாரும் படிப்பதில்லை. பெரியம்மாவின் மூத்த மகன், எனக்கு மூத்த அத்தான், தன் பெயருக்குப் பின்னால் பட்டம் விட்டுப்போனதைச் சிவப்பு மையில் குறித்தார். பெயர்கள் மூப்பு வரிசைப்படி வர வேண்டும், தலைமகன் பெயர் தனி வரியில் வர வேண்டும் என்று ஓரத்தில் எழுதினார். எண்பத்தொரு வயதில் இறந்தவருக்கு அவருடைய தாய் எங்கிருந்து வந்து புலம்புகிறார் என்று பதினேழு பேரில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. கடைசியாக என் கணவர் அதை ஒரு நாள் வீட்டில் வைத்திருந்து, வேலைக்குப் போகும் வழியில் அச்சகத்தில் கொடுத்துவிட்டு வந்தார். அவரும் ஒன்றும் சொல்லவில்லை. அவரும் படிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

முப்பத்தோராம் நாள் கெலுகோர் வீட்டுக் கூடம் நிறைந்திருந்தது. ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர் ஒருவர் படித்தார். ரயிலையே நிறுத்திய குரல். மக்கள் அழுதார்கள், மருமக்கள் அழுதார்கள், பேரப்பிள்ளைகள் அழுதார்கள், அதாவது செய்யுளில். அடுத்த பக்கத்தைத் திருப்பியவர் நின்றார். கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். கல்வெட்டைத் தொடங்கிவிட்டால் நடுவில் நிறுத்தக் கூடாது என்பது வழக்கம். அதனால் இழுத்தார்: "தாய் புலம்பல்..."

முதல் வரியிலேயே அவருடைய ராகம் இடறியது. அவர் "ஒன்பதுநாள்" என்று பாடவில்லை. "பத்துநாள் விருந்தாளி" என்றார். எதுகையும் போய், ஓசையும் போய், வரி நொண்டியது. அந்த நேரத்திலும் நான் அச்சகத்துக்காரனை மனதுக்குள் திட்டினேன். எழுதுகிறவர்கள் அப்படித்தான்.

பதினாறு வரியும் முடிந்தபோது மூத்த அத்தான்தான் எழுந்தார்.

"இது என்னது? அம்மாவோட அம்மா செத்து ஃபிஃப்டி இயர்ஸ் ஆச்சே. யாரு இதை உள்ள போட்டது?"

நான் வாயைத் திறப்பதற்குள் சுங்கை பாக்காப் மாமி பேசினார். பெரியம்மாவின் தம்பி மனைவி அவர். கணவர் அங்கே ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தவர். மாமி கல்யாணமாகி வந்த புதிதில் பெரியம்மா வீட்டில்தான் இருந்தார்.

"நீ இரு தம்பி. உனக்கு முன்னால உன்ர அம்மாவுக்கு ஒண்டு பிறந்து போனது. ஆம்பிளைப் பிள்ளை. உனக்குத் தெரியுமோ?"

அத்தானுக்குத் தெரியாது. ஐம்பத்தெட்டு வருடம் தலைமகனாக இருந்த மனிதர், தனி வரி வேண்டும் என்று கேட்டு வாங்கியவர், கையில் கல்வெட்டை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தார். பாவமாகவும் இருந்தது, எனக்கு லேசாகச் சிரிப்பும் வந்தது. நான்கு மாதத்தில் முதல் சிரிப்பு, அதுவும் இழவு வீட்டில்.

"அக்கா கடைசி மட்டும் அந்தப் பிள்ளையைச் சொல்லேல்ல. எனக்கும் ரெண்டு போச்சு. நானும் சொல்லேல்ல" என்றார் மாமி. பிறகு என் பக்கம் திரும்பி, "அதைத் திருப்பிப் படிக்கச் சொல்லு பிள்ளை" என்றார்.

ஸ்டேஷன் மாஸ்டர் திருப்பிப் படித்தார். இந்தத் தடவை பெண்கள் நிஜமாகவே அழுதார்கள். ஒருத்தர் "எனக்கு ஏழாம் மாசத்துல போச்சு" என்றார். டூரியானை நிறுத்தச் சொன்ன அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வடை ஆறிப்போனதைப் பற்றி யாரும் குறைப்படவில்லை.

மாலையில் ஸ்கூட்டரில் திரும்பினோம். எனக்குப் பேச்சு வந்துவிட்டிருந்தது. நான்கு மாதப் பாக்கியையும் சேர்த்து அச்சகத்துக்காரனைத் திட்டிக்கொண்டே வந்தேன். "ஒன்பதுன்னு தெளிவா எழுதியிருக்கேன், பத்துன்னு அடிச்சு வச்சிருக்கான். எதுகையே போச்சு!"

கிரீன் லேனில் சிவப்பு விளக்குக்கு நின்றபோது அவர் திரும்பாமலே சொன்னார்: "அவன் இல்ல. நான்தான் மாத்தினேன்."

"ஏன்?"

"நைன் இல்லலா. டென். அக்கா உன்கிட்ட முந்தின நாளே போயிட்டாள்னு சொல்லிட்டாங்க, உன்னை ஏன் எழுப்பலன்னு நீ கேப்பேன்னு. பத்தாம் நாள் காலையில நர்ஸ் என் கையில குடுத்தாங்க. ஏழு மணி வரைக்கும் இருந்தா. என் விரலைப் பிடிச்சிருந்தா."

விளக்கு பச்சையானது. அவர் வண்டியை எடுக்கவில்லை. பின்னால் ஹாரன் அடித்தார்கள். அவர் முதுகு குலுங்கியது. நான் அதில் முகத்தை வைத்துக்கொண்டேன். இரண்டு பேரும் நடுரோட்டில் அழுதோம், எதுகை இல்லாமல். ஒரு பஸ்காரர் எங்களைச் சுற்றி வளைத்துக்கொண்டு போகும்போது மலாயில் ஏதோ திட்டிவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு நான் பல கல்வெட்டுகள் எழுதினேன். யார் வீட்டுக்கு எழுதப் போனாலும், உங்களுக்கு முன்னால் யாராவது பிறந்து போனார்களா என்று முதலில் கேட்பேன். என் முதல் கல்வெட்டின் ஒரு பிரதி அலமாரியில் இருக்கிறது. அந்த வரியைச் சரிசெய்யப் பத்து நாளுக்கு எத்தனையோ எதுகை உண்டு, எனக்கு ஐந்து நிமிட வேலை. திருத்தவே இல்லை. அந்த இடத்தில் நொண்டினால்தான் அவள் இன்னும் ஒரு நாள் இருந்தது எனக்குத் தெரியும்.