உசுரு சோடா

போடி கடைவீதியில் சோடா போட்டு விற்ற வைகுண்டராஜ், முப்பத்தாறாம் வருஷத்தில் ஒருநாள் மிஷன் பள்ளி டீச்சர் சுகிர்தத்தை நிறுத்தி, தம் சோடாவுக்கு எடுப்பான பெயர் ஒன்று கேட்டார். அவளுக்குப் பேச்சே அளவுதான். அன்று வைட்டமின் பாடம் நடத்தியிருந்தாள். அந்தச் சொல்லின் முன்பாதி ‘வீட்டா’ என்ற லத்தீன் சொல். டானிக் புட்டிகளின் பெயரிலும் அது வருகிறது, பழங்காலப் புனிதர்களின் சரித்திரங்களுக்கும் அதுதான் தலைப்பு என்றாள். அர்த்தம் கேட்டார். உயிர் என்றாள்.

“சீனித் தண்ணியும் கேஸும் உசுரா, டீச்சரம்மா?” என்று சிரித்தவர், மறுநாளே ‘வீட்டா சோடா’ என்று பலகை மாட்டிவிட்டார்.

புட்டி வெடித்து அவருடைய இடது புருவம் பாதி போயிருந்தது. எந்தச் சோடாவையும் முதலில் தாம் குடித்துப் பார்க்காமல் விற்கமாட்டார். ஆனால் பெயரின் அர்த்தத்தை மட்டும் முன்பின் யோசிக்காமல், வாங்குகிறவர்கள் எல்லோரிடமும் வாய் ஓயாமல் சொன்னார்.

மழை விட்டதும் மலைக்காய்ச்சல் பரவியது. ஓடைப்பட்டிக் கருத்தம்மாள் தினமும் சோடா வாங்கிப் போனாள். வீட்டில் என்ன விசேஷம் என்று விசாரித்தார்.

“அவருக்குக் காய்ச்ச, அண்ணாச்சி. உசுருன்னு நீங்கதான சொன்னீக?”

வைகுண்டராஜ் அந்த நிமிஷமே கடையை அடைத்தார். வண்டி பிடித்துப் போய், நினைவில்லாமல் கிடந்த அவள் புருஷன் அம்மாவாசியை ஆஸ்பத்திரியில் சேர்த்தார். கொயினா மருந்தில் அவன் பிழைத்து எழுந்தான். கருத்தம்மாளோ, சோடாதான் காப்பாற்றியது என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டாள். குச்சனூரிலிருந்தெல்லாம் காய்ச்சல்காரர்களுக்காக ஆட்கள் வந்து நின்றார்கள். ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று அவர் கத்தினார், அவர்கள் கேட்கவில்லை. எதிர்க்கடைக்காரர், யோகம்னா இதுதான்யா என்று பொருமினார்.

ஒரு சாயங்காலம் வைகுண்டராஜ் பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றார். முகம் வாடியிருந்தது.

“பலகைய இறக்கிட்டேன் டீச்சரம்மா, பேரு இறங்க மாட்டேங்குது. நான் வெறும் சோடான்னு சொன்னா, மனுசன் தன்னடக்கமாப் பேசுறாருன்னு இன்னும் ரெண்டு கூட வாங்குறாக. நாளைக்கு ஒரு பிள்ள செத்துப்போச்சுன்னா நான் என்ன பண்ணுவேன்?”

சுகிர்தம் படியிறங்கி அவர் பக்கத்தில் வந்தாள்.

“நீங்க அதிகம் பேசமாட்டீக, தெரியும். படிச்சவுக சொன்னா கேப்பாக. ஞாயித்துக்கிழம சந்தைக்கு வாங்க, தாயி. அத்தன பேரு முன்னாடியும் நின்னு, போற உசுர இந்தச் சோடா நிறுத்தாதுன்னு சத்தமாச் சொல்லுங்க.”