அக்காவின் வளவில் போட்ட துளை

வரைபடத்தில் சிவப்பு என்றால் கனிய மணல் நிறைய இருக்கிறது என்று அர்த்தம். மஞ்சள் என்றால் கொஞ்சம், வெள்ளை என்றால் ஒன்றுமில்லை. சம்பூர்க் கரையோரத்தை அப்படி நிறம் தீட்டி என் மேசையில் வைத்தார்கள். நடுவில் என் அக்கா குடியிருக்கிற ஒழுங்கை, இரு பக்கத்து வீடு வளவுகளோடு, நல்ல சிவப்பாக இருந்தது. அந்த ஒழுங்கையில் மண் எடுத்துப் பார்க்க ஒரு துளைகூடப் போட்டதில்லை என்பது எனக்குத் தெரியும். பற்றிக்கொண்டு வந்தது.

திருகோணமலை நகரில் ஒரு கம்பனியில் நான் புவியியலாளராக இருந்தேன். கரையோரம் துளையிட்டு எடுத்த மணலின் பரிசோதனை முடிவுகளை வைத்து, நிலத்தடியில் எவ்வளவு கனியம் இருக்கும் என்று கணக்கிட்டு அறிக்கை எழுதுவது என் வேலை. எதை அளந்தோம், எது ஓரளவு நிச்சயம், எது வெறும் ஊகம் என்று அதில் பிரித்துச் சொல்ல வேண்டும். ஊகத்தை வைத்துக்கொண்டு தோண்ட அனுமதி கேட்க முடியாது. ஓரளவு நிச்சயம் என்று எழுதிவிட்டால் கேட்கலாம். அனுமதி கிடைத்தால் ஒழுங்கை முழுவதும் வீடு வளவை விட்டு எழும்ப வேண்டும். சண்டையில் துரத்தப்பட்டு, முகாம் முகாமாகக் கிடந்து, திரும்பி வந்து வீடு கட்டிக் கச்சான் கடலை போட்டிருக்கிற சனம் அது. இன்னொரு தரம் எழும்பு என்று யார் போய்ச் சொல்வது?

துளை போட வந்தவர்களை ஒழுங்கைக்காரர் உள்ளே விடவில்லை. வேலிப் படலையைப் பூட்டிவிட்டார்கள். முதலில் அளக்க வருவான், பிறகு வேலி போடுவான் என்பது அவர்கள் பட்டு அறிந்தது. துளை இல்லையென்றால் காணியில் கைவைக்க மாட்டான் என்று நம்பினார்கள். வேறு எந்த விசயத்திலும் அது சரியான யோசனைதான். இந்தப் பாழாய்ப்போன கணக்கில் மட்டும் அது காலை வாரியது. நடுவில் வெறுமையாய் இருந்தால், இரண்டு பக்கத்துத் துளைகளில் வந்ததைக் கொண்டு கணினி அந்த இடத்தை நிரப்பிவிடும். இரண்டு பக்கமும் பழைய கடற்கரை மேடு, கனியம் உள்ள கறுப்பு மணல் கொட்டிக் கிடக்கிறது. ஒழுங்கை இருப்பதோ தூர்ந்துபோன களப்பில், பழைய உப்பங்கழியில். அங்கே கிணறு வெட்டினால் களியும் சிப்பியும்தான் வரும்.

மனேஜரிடம் போய்ச் சண்டை பிடித்தேன். ஒழுங்கையை ஊகம் என்றுதான் எழுத வேண்டும் என்றேன்.

"மிஸ், ரெண்டு பக்கமும் நல்ல மண். நடுவில மட்டும் என்ன, சீனியா இருக்கப்போகுது?" என்று சிரித்தார்.

"சீனியோ களியோ, பாக்காமச் சொல்ல ஏலாது சேர்."

"அப்ப ஒரு துளை போட்டுக் காட்டுங்கோவன்."

காட்டுகிறேன் பார் என்று அன்றைக்கே அக்காவிடம் போனேன். விசயத்தைச் சொன்னதும் கச்சான் உடைத்துக்கொண்டிருந்தவள் சுளகைத் தள்ளி வைத்தாள்.

"உனக்கென்ன விசரே? ஒழுங்கையே சேந்து படலையைப் பூட்டிக்கிடக்குது. நான் மட்டும் திறந்து விடுறதோ?"

"பூட்டினபடியாத்தான் அக்கா உங்கட காணியையும் சேத்துப்போட்டாங்கள். ஒரு துளை போட்டா, இஞ்ச ஒண்டுமில்லை எண்டு எழுத்திலேயே வந்திடும்."

"உவங்கள் எழுதுவாங்களோ?"

"நான் எழுதுவன்."

தள்ளி வைத்த சுளகைத் திரும்ப மடிக்கு இழுத்தாள். பிறகு, "சரி, வரச் சொல்லு" என்றாள்.

துளை போட்ட அன்று அக்கா வேலையாட்களுக்குக் கதிரை போட்டுத் தேத்தண்ணி கொடுத்தாள். வளவுக்குள் வந்தவர்களுக்கு அதுகூடக் கொடுக்காமல் அனுப்ப அவளால் முடியாது. கம்பனிப் பெடியன் ஒருவன் அதைப் படம் எடுத்தான். மேலே வந்த மண்ணை ஒவ்வொரு பிடியாகத் தட்டில் போட்டுக் கழுவினேன். நல்ல இடமென்றால் மண் போனபிறகு அடியில் கறுப்பு மணல் தங்கும். இங்கே களி கரைந்து போனது, சிப்பி மிஞ்சியது. கறுப்பு, நகக்கண்ணில் ஒட்டுகிற அளவுக்கு இருந்திருக்கும். "பாத்தீங்களே!" என்று நான் துள்ளினேன். அக்காவும் சிரித்தாள்.

நான் எழுதிக் கொடுத்ததை மாற்றி, இறுதி அறிக்கை என் கையெழுத்துக்காகத் திரும்பி வந்தது. ஒழுங்கை அப்படியே சிவப்பு. ஊகம்கூட இல்லை, ஓரளவு நிச்சயம் என்று போட்டிருந்தார்கள். என் துளையைக் காணவில்லை. தேடினால், கடைசியில் ஒரு வரி கிடந்தது. நீர் புகுந்து மாதிரி கெட்டதால் கணக்கில் சேர்க்கவில்லையாம். சீ! அந்தக் கரையில் எந்தத் துளையில்தான் நீர் புகவில்லை? இரண்டு பக்கத்துத் துளைகளிலும் நீர் வந்தது. கறுப்பு மணல் நிறைய இருந்த துளைகள் மட்டும் கெடவில்லை போலும்.

பக்கத்தைப் புரட்டினேன். அக்கா தேத்தண்ணி கொடுக்கிற படம் பெரிதாக இருந்தது. காணிச் சொந்தக்காரரின் முழு ஒத்துழைப்புடன் துளையிடப்பட்டது என்று கீழே எழுதியிருந்தார்கள். அறிக்கையை மனேஜரின் மேசையில் எறிந்தேன். கம்பனிக் கந்தோர் முழுவதும் கேட்கத்தான் கத்தினேன். கையெழுத்தும் போடவில்லை, வேலையும் வேண்டாம் என்று வந்துவிட்டேன். பெரிய வீரம்தான்! கொழும்பிலிருந்து ஒருவர் வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். அந்த மனிசன் அந்த ஒழுங்கையை எட்டியும் பார்த்ததில்லை.

பிறகு சனத்துக்கு விளக்கம் சொல்லவென்று ஊர் மண்டபத்தில் கம்பனி கூட்டம் வைத்தது. அக்காவோடு நானும் போனேன். திரையில் அக்காவின் படம் வந்தது. "ஓ, உவவோ உவங்களை உள்ள விட்டவ?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். பக்கத்து வீட்டுக்காரி தன் கதிரையை இழுத்துத் தள்ளிப் போட்டாள். அக்கா எழும்பினாள். என்னைப் பார்த்து, "அந்தத் துளையில என்ன வந்தது எண்டு இவைக்குச் சொல்லு" என்றாள்.

"களியும் சிப்பியும். வேற ஒண்டுமில்லை. என்ர கையால கழுவிப் பாத்தனான்" என்றேன்.

மனேஜரின் குரல் சற்றும் உயரவில்லை. "இவ இப்ப எங்கட கம்பனியில இல்லை. அதோட, அந்த வீட்டுக்காரம்மாவின்ர தங்கச்சி. இவவின்ர கதையை நாங்கள் எடுக்க ஏலாது."

அக்கா அவரைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள்.

"தங்கச்சி எண்டபடியாத்தான் நான் உள்ள விட்டனான்."