ஒட்டுப்புல் ஒட்டிய வரைபடம்

நான்காம் வகுப்பில் இயற்கைத் தாவரங்கள் என்று ஒரு பாடம். மிஸ் ஆளுக்கொரு இந்திய வரைபடம் கொடுத்து, பசுமைமாறாக் காடு, இலையுதிர் காடு, மலைக்காடு, முட்காடு என்று அந்தந்த இடத்தில் நிஜ இலையை ஒட்டி வரச் சொன்னார். ஹைதராபாத் தார்நாகாவில் எங்கள் வீடு மூன்றாவது மாடி. எங்களிடம் இருந்த மொத்தக் காடும் ஒரு துளசித் தொட்டிதான்.

நான் அழத் தயாரானபோது, தான் பார்த்துக்கொள்வதாக அப்பா சொன்னார். பேகம்பேட்டில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலை அவருக்கு. அதுவரை என் புத்தகத்தைத் தொட்டுக்கூடப் பார்த்ததில்லை. இப்போதோ தினமும் சாயங்காலம் டிபன் பாக்ஸைத் திறந்தால் உள்ளே இலை இருந்தது. ஒரு நாள் தேக்கு, மறுநாள் பலா. மலைக்காட்டுக்குச் சவுக்கைக் கொண்டுவந்து, தள்ளி நின்று பார்த்தால் பைன்தான் என்று சாதித்தார். எல்லாம் ஆபீஸ் தோட்டத்தில் பறித்தது என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

முட்காட்டுக்கு நானே வழி கண்டுபிடித்தேன். அப்பாவின் பேண்ட் விளிம்பில் தினமும் ஒட்டுப்புல் ஒட்டியிருக்கும். துவைக்கும் முன் அம்மா ஒவ்வொன்றாகப் பிய்த்தெடுப்பாள். அவற்றை வாங்கித் தக்காணம் முழுக்க ஒட்டினேன்.

“அப்பா ஆபீஸ்ல இவ்வளவு புல்லாம்மா?” என்று கேட்டேன்.

“இருக்கும். பெரிய ஆபீஸ்லா அது,” என்றாள் அம்மா. ஹைதராபாத் வந்து எத்தனை வருடமானாலும் அவளுடைய திருநெல்வேலித் தமிழ் மாறவில்லை. ஆனால் அன்று தலை நிமிராமல் சொன்னாள்.

அந்த வருடம் பல கம்பெனிகள் ஆட்களைக் குறைத்தன. அப்பாவுக்கும் வேலை போய் ஒரு மாதமாகியிருந்தது. வீட்டில் சொல்லாமல், அயர்ன் செய்த சட்டையோடு தினமும் கிளம்பி, பக்கத்துப் பல்கலைக்கழக வளாகத்தின் மரத்தடிகளில் சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்திருக்கிறார். பாவம், அந்த மனிதர். இதெல்லாம் எனக்குத் தெரியவந்தது கல்லூரிக்குப் போன பிறகுதான்.

நான் புல்லைப் பற்றிக் கேட்ட மறுநாள் காலை, என் பூப்போட்ட பெட்ஷீட்டை நான்காக மடித்து அம்மா அப்பாவின் ஆபீஸ் பையில் வைத்தாள். அப்பா அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“ஏசி குளிரும்லா, அதுக்குத்தான்,” என்றாள் அம்மா.

அப்பா ஷூவுக்குக் கயிறு கட்டக் குனிந்தவர், வெகுநேரம் நிமிரவில்லை.

“நக்கோ, வேண்டாம், அது என்னோடது,” என்று நான் பையைப் பிடித்து இழுத்தேன். யாரும் கேட்கவில்லை. என் வரைபடத்துக்கு மிஸ் ஸ்டார் போட்டார். பெட்ஷீட்டுக்காக அம்மாவோடு இரண்டு நாள் நான் பேசவில்லை.