ஆலாபனையில் மிருதங்கம் இல்லை

1982, ஒரு சனிக்கிழமை, மாலை. சிங்கப்பூரில், கிளமெண்டியில் நான் குடியிருந்த வாடகை வீட்டிலிருந்து காத்தோங்கில் இருந்த என் தமக்கையின் வீட்டுக்குத் தொலைபேசியில் அழைத்தேன். மறுமுனையில் ரிசீவர் எடுக்கப்பட்டது. யாரும் பேசவில்லை. கேசட் ரெக்கார்டரை இயக்கினேன். ஒலித்தது வயலினில் தோடி ராக ஆலாபனை. அதனூடே கனமான ஓர் ஓசை கேட்டது. மீண்டும் கேட்டது. ரெக்கார்டரை நிறுத்தினேன். ஓசை நிற்கவில்லை. சிறிது நேரத்தில் மறுமுனை துண்டிக்கப்பட்டது. அன்று இருட்டுவதற்குள் என் தமக்கை இடது காதில் இரத்தப்போக்குடனும், அவள் கணவர் வலது மணிக்கட்டு முறிந்தும் வெவ்வேறு மருத்துவமனைகளில் இருந்தனர்.

மேலே உள்ளதில் கருத்து என்று எதுவும் இல்லை. அப்படி எழுதத்தான் எனக்குப் பயிற்சி. உலோகங்கள் எவ்வளவு பாரத்தில், எந்த இடத்தில், எப்படி முறிகின்றன என்பதைப் பணி ஓய்வு பெறும்வரை மாணவர்களுக்குக் கற்பித்தவன் நான். முறிந்த பரப்பைப் பார்த்து, அது ஒரே அடியில் முறிந்ததா, பல காலமாகச் சிறுகச் சிறுக விரிசல் விட்டு முறிந்ததா என்று சொல்லிவிடலாம். அக்கா சென்ற மாதம் இறந்தாள். அவளைப் பற்றி எழுத உட்கார்ந்தபோது முதலில் வந்தவை இந்த வரிகளே. அவை பொய்யில்லை. ஆனால் அவற்றில் அவள் இல்லை.

அவள் தமிழாசிரியை. முறையாகப் பாட்டுக் கற்றவள் அல்லள். கேட்டே தேர்ந்தவள். எங்கள் விளையாட்டு அவளை நடுவில் வைத்துத்தான் உருவானது. அந்த நாளில் உள்ளூர் அழைப்புக்கு எவ்வளவு நேரம் பேசினாலும் தனிக்கட்டணம் கிடையாது. அதை நாங்கள் நால்வரும் முழுமையாகப் பயன்படுத்திக்கொண்டோம். அக்கா, நான், காத்தோங்கில் மருத்துவமனை வைத்திருந்த டாக்டர், சிராங்கூன் சாலையில் கேசட் கடை நடத்தியவர் ஆகியோரே அந்த நால்வர். சனிக்கிழமை மாலைகளில் ஒருவர் மற்றவரை அழைப்பார். "ஹலோ" என்பது விதிமீறல். ரிசீவர் எடுக்கப்பட்டதும் கேசட்டை ஓடவிட வேண்டும். கேட்பவர் ராகத்தின் பெயரைச் சொல்ல வேண்டும். ஒருமுறைதான் கேட்கலாம், மறுமுறை கேட்பதும் விதிமீறல். சரியாகச் சொன்னவருக்கு அடுத்த கேள்வியைக் கேட்கும் உரிமை. அந்த உரிமை பெரும்பாலும் அக்காவிடமே இருந்தது. ஆரபிக்கும் தேவகாந்தாரிக்கும் சுரங்கள் ஒன்றே. ஒன்று நேராக விரைந்து நடக்கும், மற்றது சுரத்துக்குச் சுரம் தயங்கி அசையும். தொலைபேசியின் கரகரப்பில் எங்களுக்கு இரண்டும் ஒன்றாகவே ஒலிக்கும். அவளுக்கு இரண்டாம் சுரத்திலேயே தெரிந்துவிடும்.

அத்தானுக்கு இசையில் நாட்டமில்லை. கப்பல் நிறுவனம் ஒன்றில் நல்ல பதவியில் இருந்தார். கோயிலில் அன்னதானம் என்றால் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பந்தியில் பரிமாறுவார். பெரியவர்களுக்கு இலையருகே குனிந்து, "இன்னும் கொஞ்சம் சாம்பார் ஊத்தட்டுங்களா?" என்று கேட்பார். அவரைக் குறை சொன்னவர்களை நான் கண்டதில்லை. நானும் சொன்னதில்லை, சொல்வதற்கு எனக்கு எதுவும் தெரிந்திருக்கவில்லை. அக்கா ரவிக்கையின் கையை நீளமாகத் தைத்துக்கொள்ளத் தொடங்கியதைப் பள்ளிக்கூடத்தின் கட்டுப்பாடு என்றாள்.

அந்த ஆண்டின் தொடக்கத்தில் அவள் தோற்கலானாள். முதலில் ஒன்றுபோல ஒலிக்கும் ராக இணைகளில் தவறினாள். அது யாருக்கும் நேரும். பிறகு ஒரு சனிக்கிழமை, கடைக்காரர் ஒலிக்கவிட்ட கல்யாணியைச் சங்கராபரணம் என்றாள். இரண்டுக்கும் இடையே மத்திமம் ஒன்றுதான் வேறுபாடு. ஆனால் அந்த ஒரு சுரத்தைப் பாட்டு வகுப்பில் முதலாண்டுப் பிள்ளைகளும் தவறவிடுவதில்லை. மறுநாள் கடையில் எல்லோரும் கூடியபோது அவர் விடவில்லை.

"டீச்சர், கல்யாணியைப் போய் விட்டுட்டீங்களே! நம்ம கடைப் பூனைகூடச் சொல்லிடும் லா!"

"அப்போ அடுத்த வாரம் பூனைக்கே போன் போடுங்க" என்றாள் அக்கா.

எல்லோரும் சிரித்தோம். டாக்டர் மட்டும், "லைன் சரியில்லையா டீச்சர்?" என்று கேட்டார். "லைன்தான்" என்றாள்.

இனி அந்தச் சனிக்கிழமை. தோடிக்குள் முதல் அடி விழுந்தபோது என் மனம் அதை மிருதங்கம் என்றே எடுத்துக்கொண்டது. பழகிய செவி எந்த ஓசையையும் இசைக்குள் சேர்த்துக்கொள்ளப் பார்க்கும். இரண்டாம் அடியில்தான் உறைத்தது. ஆலாபனையில் மிருதங்கம் இல்லை. நான் ஒலிக்கவிட்ட நாடாவில் வயலினும் தம்புராவும் மட்டுமே உண்டு. நிறுத்தியபின் கேட்டவற்றை அவ்வாறே எழுதுகிறேன்: மரப்பொருள் சரியும் ஓசை, சதைமேல் சதை விழும் ஓசை, "பாட்டா? பாட்டா கேக்குது உனக்கு?" என்ற குரல், பிறகு அக்காவின் குரல். அது சொல்லாக இல்லை.

கிளமெண்டியிலிருந்து காத்தோங் போவதென்றால் தீவின் மேற்கிலிருந்து கிழக்குக்குப் போக வேண்டும். காத்தோங்கிலேயே இருந்த டாக்டரை அழைத்தேன், அங்கே யாரும் எடுக்கவில்லை. ஆகவே கேசட் கடைக்காரரை அழைத்து அவரைப் போகச் சொன்னேன். பிறகு டாக்ஸி பிடித்தேன். நான் போய்ச் சேர்ந்தபோது அவர் தம் ஸ்கூட்டரில் சாய்ந்து நின்றிருந்தார். மேலுதடு பிளந்து சட்டை முழுவதும் இரத்தம். இரும்புக் கேட் பூட்டியிருந்தது.

"கதவைத் திறக்கச் சொன்னேன் சார். சாவியைக் காட்டுற மாதிரி கிட்ட வந்து பூட்டால அடிச்சிட்டாரு" என்றார். அந்த நிலையிலும் அவர் குரலில் வியப்பே மிகுந்திருந்தது. கோயில் பந்தியில் அத்தான் கையால் சாப்பிட்டவர் அவர்.

அத்தான் வெளியே வந்தார். முகம் கழுவி, தலை வாரியிருந்தார்.

"என்ன மாப்ளே, பாட்டுப் போட்டிக்கு நேர்லயே வந்துட்டீங்க?"

"அக்காவைப் பார்க்கணும்."

"குளிக்கிறா."

"அத்தான், கேட்டைத் திறங்க."

"ரெண்டு டிகிரி வாங்கிட்டா அடுத்தவன் வீட்டுக் கேட்டைத் திறக்கச் சொல்லலாமா? போங்க. புருஷன் பொண்டாட்டி விஷயம்."

அப்போது அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். முகத்தின் இடப்பக்கம் அவளுடையதாக இல்லை. காதிலிருந்து மெல்லிய கோடாக இரத்தம் வழிந்து ரவிக்கையின் கழுத்தில் ஊறியிருந்தது. அவர் திரும்பிப் பார்த்தார். உள்ளே போனார். அவள் கொண்டையைப் பற்றி, எங்கள் கண்ணெதிரே, நிலைக்கட்டையில் அவள் தலையை மோதினார். அவசரமோ ஆத்திரமோ இல்லை, ஆணி அடிப்பவரின் நிதானம் இருந்தது. பிறகு எங்களை விரட்டுவதற்காகத் தாமே வந்து பூட்டைத் திறந்தார். கேட் ஒரு சாண் அளவு நகர்ந்தது. வலது கையை நீட்டி என் சட்டையைப் பற்றினார். நான் கேட்டை இழுத்தேன். இரும்புச் சட்டத்துக்கும் தூணுக்கும் இடையில் அவருடைய மணிக்கட்டு இருந்தது. மீண்டும் இழுத்தேன். மணிக்கட்டு முதல்முறையிலேயே முறிந்துவிட்டது. முறிவின் ஓசையை நன்கறிந்தவன் நான். இரண்டாம் முறை இழுத்தது அந்த ஓசையை இன்னொருமுறை கேட்க. அதற்காக அன்றும் நான் வருந்தவில்லை, இன்றும் வருந்தவில்லை. அதை இங்கே பதிவுசெய்வதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

தரையில் கிடந்தவரைச் சுற்றிக்கொண்டு அக்கா வெளியே வந்தாள். தோளில் பள்ளிக்கூடப் பை. உள்ளே மாணவர்களின் கட்டுரைப் பயிற்சி ஏடுகள். "திங்கக்கிழமை பிள்ளைங்களுக்குத் திருப்பிக் குடுக்கணும்" என்றாள், யாரும் கேட்காமலே. டாக்ஸியில் ஏறும்வரை நேராக நடந்தாள். ஏறியபின் என் மடியில் வாந்தி எடுத்தாள்.

அவர் என்மீது புகார் கொடுக்கவில்லை. கேட்டில் கை சிக்கிக்கொண்டதாகச் சொல்லிவிட்டாராம். அக்காவின் காதைச் சில நாள்களுக்குப் பிறகு நம் டாக்டரும் பார்த்தார். செவிப்பறையில் புதிய கிழிசலோடு பழைய வடுக்களும் இருந்தன. கருவியை மேசையில் வைத்தார்.

"டீச்சர், இந்தக் காது ரொம்ப நாளா சரியாக் கேட்டிருக்காது. போனை எந்தக் காதுல வைப்பீங்க?"

"இதுலதான்."

"வலது காது நல்லா இருக்கே. அதுல வெச்சிருந்தா கல்யாணியை விட்டிருக்க மாட்டீங்களே?"

அக்கா அவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னாள்: "பாட்டுக்கு இந்தக் காது போதும்டா. அவர் கார் வந்து நிக்கிற சத்தத்துக்கு நல்ல காது வேணும்ல?"

டாக்டர் எழுந்து கை கழுவப் போனார். முன்பே கழுவியிருந்தார்.

அவள் என்னோடு கிளமெண்டியில் தங்கினாள். காயங்கள் ஆறின. கடைக்காரர், உதட்டில் தையல் பிரித்த வாரமே, "டீச்சர், பூனை காத்திருக்கு" என்று சொல்லி விளையாட்டை மறுபடி தொடங்கினார். அவள் இரண்டு வாரம் ஆடினாள். மூன்றாம் சனிக்கிழமை மணி அடித்தது. எடுத்தாள். வழக்கம்போல ஹலோ இல்லை, இசைதான். "மோகனம்" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். பிறகு அவள் முகம் மாறியது. நான் ரிசீவரை வாங்கிக் காதில் வைத்தேன்.

"இன்னும் மறக்கலை போல" என்றார் அத்தான். "உன் கேசட்டெல்லாம் இங்கதான் இருக்கு. வாரம் ஒண்ணு போடுறேன். எப்ப வர்றே?" தொடர்ந்து பிளாஸ்டிக் நொறுங்கும் ஓசையும், நாடாவை உருவி இழுக்கும் சரசரப்பும் கேட்டன.

ஹலோ இல்லாமல் இசையோடு தொடங்குவது எங்கள் விதி. அந்த விதியின் வழியாகவே அவர் எங்கள் வீட்டுக்குள் நுழைந்துவிட்டார். எண்ணை மாற்றலாம் என்றேன். மாற்றினால் அவர் பள்ளிக்கூடத்துக்கு வருவார் என்றாள் அக்கா. அவர் சனிக்கிழமைதோறும் அழைத்தார். மணி அடிக்கும்போதெல்லாம் அவள் எழுந்து குளியலறைக்குள் போய்த் தாழிட்டுக்கொள்வாள். என் கேசட் பெட்டியையும் அவள் திறக்கவில்லை. வானொலியில் பாட்டு வந்தால் அணைத்துவிடுவாள். அவளை அந்த வீட்டிலிருந்து வெளியே கொண்டுவந்துவிட்டோம் என்று நான் நினைத்திருந்தேன். அவளுக்கென்று இருந்த ஒன்றே ஒன்று அவர் கையில் இருக்கும்வரை அவள் வெளியே வரவில்லை என்பது அப்போது புரிந்தது. நான் காத்தோங்குக்கு மறுபடி போகத் தயாரானேன். இம்முறை அது மணிக்கட்டோடு நின்றிருக்காது. அவளும் அதை அறிந்திருந்தாள் என்று நினைக்கிறேன்.

ஏனெனில் அடுத்த சனிக்கிழமை மணி அடித்தபோது நான் சட்டையை மாட்டிக்கொண்டிருந்தேன். அவள் வாசலுக்கும் எனக்கும் இடையில் வந்து, "உட்காருடா" என்றாள். தொலைபேசி அருகே போனாள். இடது காதுக்குக் கொண்டுபோன ரிசீவரைப் பாதியில் நிறுத்தி, வலது காதில் வைத்தாள். கண்ணை மூடிக் கேட்டாள். எனக்கு எதுவும் கேட்கவில்லை. அவள் விரல் மட்டும் மேசை விளிம்பில் அசைந்து நின்றது.

"தேவகாந்தாரி" என்றாள். "ஆனா சுருதி ஏறியிருக்கு. உங்க மெஷின் வேகமா ஓடுது, ரிப்பேருக்குக் குடுங்க. அடுத்தது இருந்தா போடுங்க."

மறுமுனையில் என்ன பதில் வந்தது என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. ரிசீவரை வைத்துவிட்டு, தண்ணீர் குடித்துவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்தாள். அதற்குப் பின்னும் சில முறை மணி அடித்தது. எடுத்தாள், விடை சொன்னாள், வைத்தாள். ஒருமுறைகூடத் தவறவில்லை. பிறகு அந்த அழைப்பு நின்றது.

எண்பதுகளின் இறுதியில் பாசிர் ரிஸில் குடிபோனாள். ரிசீவரை வலது காதில்தான் வைப்பாள். இடது காது கடைசிவரை சரியாகக் கேட்கவில்லை. டாக்டர் முன்பே போய்விட்டார். எஞ்சிய நாங்கள் மூவரும் சென்ற ஆண்டுவரை சனிக்கிழமை ஆட்டத்தை விடவில்லை.

இன்னும் செய்யாதவை:

பாசிர் ரிஸ் வீட்டின் தொலைபேசி இணைப்பைத் துண்டிக்க எழுதிக் கொடுக்க வேண்டும்.

கேசட் கடைக்காரரிடம் நேரில் போய்ச் சொல்ல வேண்டும். அவருக்கு இப்போது ஞாபகம் தங்குவதில்லை. ஒவ்வொரு முறையும் புதிதாகச் சொல்ல வேண்டியிருக்கும்.

அவளுடைய ஆடைகளை யாருக்காவது கொடுக்க வேண்டும். நீளக்கை ரவிக்கை ஒன்றுகூட இல்லை.

அத்தானுக்குத் தெரிவிக்க வேண்டும். உயிரோடு இருக்கிறார், எண் என்னிடம் உள்ளது. இருமுறை அழைத்தேன். எடுத்தார். நான் பேசவில்லை. அவர், "யாரு, நீயா?" என்றார். என்னை அவர் ஒருமையில் அழைத்ததில்லை. வைத்துவிட்டேன்.