பட்டி பார்த்த படகில் கண்மாய் ஆழம் அளக்கப் போனது

1. நான், மதுரை திருநகரில் வசிக்கும் வழக்கறிஞர் ச. கோ. நாகநாதன். உரிமையியல் வழக்குகளே என் தொழில், படகோட்டுவது அன்று.

2. கீழே எழுதியிருப்பவை நான் நேரில் கண்டவை. பிறர் சொல்லக் கேட்டவற்றை, கேட்டவை என்றே குறித்திருக்கிறேன்.

3. பட்டறை, ஒப்பந்தக்காரர், அலுவலர் ஆகியோரின் பெயர்களைத் தவிர்த்திருக்கிறேன். அச்சத்தால் அன்று, மனு நிலுவையில் இருப்பதால்.

2007 கார்த்திகையில் மேற்கொண்ட பயணம் இது. செக்கானூரணிக்கு மேற்கே, என் பழைய கட்சிக்காரர் ஒச்சப்பனின் ஊரில் ஒரு கண்மாய் உண்டு. மூன்றடி ஆழத்துக்கு வண்டல் அள்ள ஓர் ஒப்பந்தக்காரருக்கு அனுமதி கொடுத்தார்கள். அவர் படித்துறைக்கு எதிரிலேயே கிணறு போலத் தோண்டிவிட்டுப் போனார். மழை பெய்து கண்மாய் நிறைந்ததும் குழி மறைந்துவிட்டது. இரண்டு எருமைகள் அதில் மூழ்கிச் செத்தன என்று ஒச்சப்பன் சொன்னார். அதே துறையில்தான் ஊர்ப் பிள்ளைகள் தினமும் குளிக்கிறார்கள்.

அனுமதி கொடுத்த அலுவலகத்திலேயே மனுக் கொடுத்தோம். கல் கட்டிய கயிற்றை இறக்கி அளந்தும் காட்டினோம். "கயிறு வளைந்திருக்கக்கூடும், குழி இருப்பதாகத் தெரியவில்லை" என்று பதில் வந்தது. நீர்ப்பரப்பைக் கரையில் நின்று பார்த்தவருக்குக் குழி எப்படித் தெரியும்? நான் மீண்டும் எழுதினேன். கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை பொறியாளர் நேரில் வருவதாகவும், அன்றும் நிரூபிக்காவிட்டால் மனு முடித்துவைக்கப்படும் என்றும் தெரிவித்தார்கள்.

ஆகவே சோனார் தேவைப்பட்டது. ஒலியைத் தண்ணீருக்குள் அனுப்பி, அது தரையில் பட்டுத் திரும்பும் நேரத்தைக் கொண்டு ஆழத்தைத் திரையில் எண்ணாகக் காட்டும் கருவி அது. ஒலியை அனுப்பி வாங்கும் முனைக்கு டிரான்ஸ்டியூசர் என்று பெயர். அதைப் படகின் பின்பலகையில் தண்ணீருக்குள் இருக்கும்படி பொருத்த வேண்டும். கருவியையும், மூவர் அமரக்கூடிய ஒரு பழைய ஃபைபர் படகையும் வில்லாபுரத்திலுள்ள என் மைத்துனர் கொடுத்தார். முன்பு அதில் மோட்டாரும் ஏணியும் மாட்டிக் கழற்றியிருந்ததால், பின்பலகை திருகாணி ஓட்டைகளால் சல்லடையாகியிருந்தது.

வியாழனன்று படகை அவனியாபுரத்தில் மினிபஸ்களுக்குப் பாடி கட்டும் ஒரு பட்டறையில் இறக்கினோம். ஃபைபர் வேலை தெரிந்தவர்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். செய்ய வேண்டியதை எழுதியே கொடுத்தேன்: பழைய ஓட்டைகளைச் சற்றுப் பெரிதாக்கி, அழுக்கும் ஈரமும் நீக்கி, பலகையின் முழுக்கனத்துக்கும், இறுகினால் நீர் புகாத எபாக்சிப் பிசினை நிரப்ப வேண்டும், டிரான்ஸ்டியூசரின் அடிமுகம் படகின் அடிமட்டத்துக்குச் சற்றுக் கீழே, எதுவும் மறைக்காமல் இருக்க வேண்டும்.

பட்டறைத் தலைவர் அந்தத் தாளை மடித்துக் காதிடுக்கில் செருகிக்கொண்டார். "சார், ஓடுற பஸ்ஸுல அம்புட்டு ஓட்டையையும் அடைக்கிறவய்ங்க நாங்க. இது நிக்கிற தொட்டி. கவலப்படாமப் போங்க."

மறுநாள் காலை ஏழு மணிக்குப் போனபோது படகு கல்யாண வண்டி போலப் பளபளத்தது. நீல வண்ணம், மஞ்சள் கோடு, முன்முனையில் எலுமிச்சையும் மிளகாயும் கோத்த சரம். பின்பலகையில் ஓர் ஓட்டையைக்கூடக் காணவில்லை. டிரான்ஸ்டியூசரையும் காணவில்லை.

"எங்கே அது?" என்றேன்.

"உள்ளதேன் இருக்கு சார். வெளிய துருத்திக்கிட்டு அசிங்கமா இருந்துச்சு. சுத்தி பட்டி பாத்து, தேச்சு, ரெண்டு கோட் அடிச்சு விட்டேன். தடவிப் பாருங்க, மேடு பள்ளம் தெரியாது."

பட்டி என்பது வாகனத் தகட்டின் நெளிவுகளை நிரவும் பசை. ஓட்டைகளையும் அதைக் கொண்டே மேலாக மூடியிருந்தார். எபாக்சி வாங்கவே இல்லை. நான் தாளைக் கேட்டேன்.

"நீங்க எழுதுனபடி செஞ்சா பாக்க நல்லாருக்காது சார்."

வேலை எதற்கு என்று கேட்காமலே அழகுபடுத்தும் இந்த மனப்பான்மையை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. ஆனால் பொறியாளர் பதினோரு மணிக்கு வருகிறார். படகைச் சிறு சுமை வண்டியில் ஏற்றி, திருப்பரங்குன்றம், நாகமலை வழியாக ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர் சென்றோம். வாடகை அறுநூறு ரூபாய். ஓட்டுநர் முருகேசன் வழிநெடுக ஆறுதல் சொன்னார்: "பெயிண்டுக்குள்ள சத்தம் போகாதா சார்? எங்க பக்கத்து வீட்டு ரேடியோ செவுத்தையே தாண்டி வருது."

பெயிண்டைத் தாண்டியிருக்கலாம், காற்றுக்குமிழிகள் நிறைந்த பட்டியை அது தாண்டவில்லை. கண்மாயில் படகை இறக்கியதும் திரையில் எண்ணுக்குப் பதிலாக வெறும் கோடுகள் மின்னின. ஊறிய பட்டி ஓட்டைகளிலிருந்து ஒவ்வொன்றாகக் கழன்று, என் காலடியில் தண்ணீர் ஏறியது. கரையில் பொறியாளர் குடைபிடித்து நின்றார். பக்கத்தில் ஒப்பந்தக்காரரின் மேற்பார்வையாளர்.

"வக்கீல் சார் டவுன்பஸ்ஸக் கண்மாயில விட்டுட்டாருடோய்!" என்று அவர் கத்தினார்.

பொறியாளர் சிரிக்கவில்லை, அது இன்னும் மோசம். "மெஷினே ஆழம் காட்டலையே சார். நான் எழுதிட்டுக் கெளம்புறேன்" என்றார்.

"ஒரு மணி நேரம் பொறுங்கள். இல்லையேல், கருவி பழுதுபட்டதால் ஆய்வு தள்ளிவைக்கப்பட்டது என்று எழுதுங்கள், குழி இல்லை என்று எழுத உங்களுக்கு ஆதாரம் இல்லை" என்றேன். என் குரல் உயர்ந்திருந்ததை மறுக்கவில்லை. அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு ஜீப்பில் போய் உட்கார்ந்தார்.

படகைக் கரையேற்றிக் கவிழ்த்தோம். டிரான்ஸ்டியூசரின் முகத்தில் கீறல் விழாதபடி மரச்சில்லால் பட்டியைச் சுரண்டினேன். ஒச்சப்பன் பட்டறைத் தலைவரின் ஏழு தலைமுறையையும் வாழ்த்திக்கொண்டே வேப்பங்குச்சிகளைச் சீவி, ஓட்டை ஒவ்வொன்றிலும் இறுக அடித்தார். மரம் நனைந்தால் ஊதிப் பிடித்துக்கொள்ளும். ஒரு பகலுக்கு அது போதும்.

மீண்டும் இறக்கினோம். கடைசிப் படியருகே திரை நான்கடி காட்டியது. துடுப்பை நான்கு முறை வலித்ததும் இருபத்திரண்டு. நான் திரும்பி வந்து பொறியாளரைப் படகில் ஏறிப் பார்க்கும்படி அழைத்தேன்.

அவர் தண்ணீரைப் பார்த்தார். படகைப் பார்த்தார். "எனக்கு நீச்சல் தெரியாது சார்."

"நாலடித் தண்ணிக்கு நீச்சல் எதுக்குங்க சார்?" என்று கேட்டார் ஒச்சப்பன். "குழிதேன் இல்லைன்னு ஒங்க ஆபீசுலயே எழுதியிருக்காகளே. எறங்கி நடந்து வாங்க, நான் கையப் பிடிச்சுக்கிறேன்."

மேற்பார்வையாளர் தம் மோட்டார் சைக்கிளைத் தேடிப் போனார். பொறியாளர் செருப்பைக் கழற்றிவிட்டுப் படகில் ஏறி, இரு பக்க விளிம்பையும் இறுகப் பற்றிக்கொண்டார். எண் இருபத்திரண்டுக்கு வந்ததும், "போதும், திருப்புங்க" என்றார். கரையில் அமர்ந்து, கண்டபடியே எழுதிக் கையெழுத்திட்டார்.

இதே வேலையில் இறங்க எண்ணும் நண்பர்களுக்கு: பழைய ஓட்டையைப் பின்புறம் நாடா ஒட்டி எபாக்சியால் முழுதாக நிரப்புங்கள், அது இறுகும்வரை தொடாதீர்கள். டிரான்ஸ்டியூசரைத் தனிப் பலகையில் திருகி, அந்தப் பலகையைப் படகில் ஒட்டினால் புது ஓட்டைகள் குறையும். அதன் முகத்தில் எதையும் பூச விடாதீர்கள். எழுதிக் கொடுத்ததோடு நில்லாமல், வேலை முடியும்வரை பட்டறையிலேயே உட்காருங்கள். வீட்டைவிட்டுக் கிளம்புமுன் தொட்டித் தண்ணீரில் ஒழுக்குப் பாருங்கள்.

குழியை மூடவும் வேலி போடவும் பொறியாளர் பரிந்துரைத்து ஐந்து வாரங்கள் ஆகின்றன. உத்தரவு வரவில்லை. அன்று மாலையே ஊரார் வெட்டிப் போட்ட கருவேல முள்வேலிதான் பிள்ளைகளுக்கும் அந்தக் குழிக்கும் இடையில் நிற்கிறது. அனுமதியின்றி வேலி போட்டதற்கு விளக்கம் கேட்டு ஒச்சப்பனுக்கு நோட்டீஸ் மட்டும் நான்காம் நாளே வந்துவிட்டது. பதிலை நான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

(ஒப்பம்) ச. கோ. நாகநாதன்
திருநகர், மதுரை

சாட்சிகள்:
1. ஒச்சப்பன், விவசாயி
2. முருகேசன், வண்டி ஓட்டுநர்