நாலு மூலை மஞ்சள்

அறுபதுகளின் நடுப்பகுதியில், பம்பாய் தாராவியில், ஒரு மார்கழி மாதம் நடந்தது இது. எனக்கு அப்போது இருபத்தொரு வயது. திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து, வீட்டில் சொல்லாமல் கொள்ளாமல் கல்யாணம் செய்துகொண்டு ரயிலேறி வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. ஓடிப்போனவள் என்று ஊரில் சொன்னார்களாம். சொல்லட்டும், ஓடித்தானே வந்தேன்!

அப்பாவை எங்கள் வீட்டில் ஐயா என்றுதான் கூப்பிடுவோம். நான் வந்த மறுநாளே ஐயா கிணற்றில் தலை முழுகிவிட்டு, "எனக்கு மக இல்ல" என்று ஊரறியச் சொல்லிவிட்டதாகக் கேள்விப்பட்டேன். சரி, அப்பா இல்லாமல் நானும் இருந்து காட்டுகிறேன் என்று ஒரு கடிதம்கூடப் போடவில்லை. அவருக்கு இருந்த வீம்பு எனக்கு மட்டும் எங்கே போகும்?

இரண்டு வருஷ வீம்பைக் குலைத்தது அடுத்த வீட்டுக்கு வந்த பொங்கல் படிதான். எங்கள் பக்கம், கட்டிக்கொடுத்த பெண்ணுக்குப் பிறந்த வீட்டிலிருந்து பொங்கலுக்கு அரிசி, வெல்லம், சேலை எல்லாம் வரும். அந்த வருஷம் யாரோ ஊரிலிருந்து வந்தவர் கையில் அந்த வீட்டுப் பெண்ணுக்கு முன்கூட்டியே கொடுத்தனுப்பியிருந்தார்கள். அவள் சேலையைப் பிரித்து எல்லோருக்கும் காட்டினாள். நானும் நன்றாயிருக்கிறது என்று சிரித்தபடி சொல்லிவிட்டு, உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

கடிதமாக எழுத மானம் இடம் கொடுக்கவில்லை. பொங்கல் வாழ்த்து அனுப்பலாம் என்று தோன்றியது. வாழ்த்துதானே, யாரும் யாருக்கும் அனுப்பலாம். அதையும் கடையில் வாங்காமல் நானே செய்வது என்று முடிவு செய்தேன். என் வீட்டுக்காரருக்கு மாதுங்காவில் ஒரு பைண்டிங் கடையில் வேலை. பெரிய பேரேடுகளுக்கு உள்பக்கம் ஒட்டுகிற, நீலமும் சிவப்பும் அலை அலையாக ஓடும் மார்பிள் பேப்பரில் வெட்டி மிஞ்சிய துண்டுகளைக் கொண்டு வந்து தருவார். கெட்டிக் காகிதத் துண்டுகளும் வரும். தேயிலைப் பெட்டிக்குள் இருக்கும் வெள்ளித்தாளை டீக்கடையில் கேட்டு வாங்கினேன். பட்டம் செய்கிற காகிதத்தை எட்டாக மடித்துக் கத்தரித்துப் பிரித்தால், ஜன்னல் சல்லடை மாதிரி பூவேலை வரும். அச்சுக்கு உருளைக்கிழங்குதான். பாதியாக அரிந்து, பிளேடால் சூரியன் ஒன்று, கரும்பு ஒன்று, பொங்கல் பானை ஒன்று என்று செதுக்கிக்கொண்டேன். முதல் பானை மண்டை ஓடு மாதிரி வந்து, அன்றைய குழம்பில் போய்ச் சேர்ந்தது.

வெள்ளைக் காகிதம் பளிச்சென்று ஆஸ்பத்திரி போல இருந்தது. எதிர்வீட்டு அக்காதான் அதற்கு வழி சொன்னார். அவர்களும் எங்கள் ஜில்லாக்காரர்கள்தான், முஸ்லிம் குடும்பம். அவர் கணவருக்குத் தாராவியிலேயே தோல் பதனிடும் கொட்டகையில் வேலை. தோல் ஊறவைக்கிற கடுக்காய்த் தண்ணீரில் ஒரு சொம்பு கொண்டுவந்து கொடுத்தார். காகிதத்தை அதில் முக்கி, கொடியில் போட்டு எடுத்தால் சந்தன நிறம். எனக்குத் தலைகால் புரியவில்லை. பன்னிரண்டு கார்டுகள் செய்தேன். ஒன்று ஊரில் எங்கள் வீட்டுக்கு, மற்றவை எங்கள் வரிசையில் கேட்டவர்களுக்கு.

கடைசியாக மூலைகள். என் அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஐயா எழுத்துக்கூட்டிப் படிப்பார். கடிதம் வந்தால் அம்மா முதலில் மூலையைத்தான் பார்ப்பாள். மஞ்சள் தடவியிருந்தால் நல்ல சேதி. கறுப்பு தடவியிருந்தால் சாவு. அந்தக் கறுப்புக் கடிதத்தை வீட்டுக்குள் வைக்கக் கூடாது, வாசலிலேயே கிழித்துப் போட்டுவிடுவார்கள். அம்மா கவரைப் பிரித்ததும் யாரும் படித்துச் சொல்லாமலே இது நல்லது என்று தெரிய வேண்டும் என்பதற்காக, நாலு மூலைக்கும் ஒரு பூ அச்சு செதுக்கினேன். விரலி மஞ்சளை உரசி, நிறம் எடுப்பாக நிற்கட்டும் என்று அரை எலுமிச்சம்பழம் பிழிந்து, ஒரு பிஸ்கட் டப்பாவின் பழைய தகர மூடியில் ராத்திரி முழுக்க வைத்திருந்தேன். மூடியில் துரு இருந்தது. துரு எங்கேதான் இல்லை பம்பாயில்! காலையில் மேலாகத் தொட்டுத் தொட்டு பன்னிரண்டு கார்டுக்கும் நாலு மூலையிலும் ஒற்றினேன். கொஞ்சம் பழுத்த மஞ்சளாக அழகாகத்தான் விழுந்தது.

கார்டுக்கு உள்ளே ஒரே ஒரு வரி எழுதினேன். அதை எழுத மட்டும் மூன்று நாள் ஆனது. ஈரம் காய்ந்தும் காயாமலும் கவரில் போட்டு ஒட்டி, பின்பக்கம் என் வீட்டுக்காரர் பெயரையும் எங்கள் விலாசத்தையும் எழுதி, அன்றைக்கே தபாலில் சேர்த்தேன். பொங்கலுக்கு மூன்று வாரம் இருந்தது. மற்ற கார்டுகளைப் பழைய துணியில் சுற்றி டிரங்குப் பெட்டியில் வைத்தேன்.

ஐந்தாம் நாள் சாயங்காலம் எதிர்வீட்டு அக்கா, தன் தங்கைக்கு அனுப்ப ஒரு கார்டு கேட்டு வந்தார். பெட்டியைத் திறந்து துணியைப் பிரித்தேன். பதினொரு கார்டிலும் நாலு மூலையிலும் பூ இல்லை. கறுப்பு. மை தடவினாற்போல, சாவுக் கடிதத்தில் தடவுகிற அதே கறுப்பு.

அக்கா ஒன்றை எடுத்து முகர்ந்து பார்த்தார். "இதுல இரும்பு பட்டுச்சா புள்ள?" என்றார். நான் தகர மூடியைக் காட்டினேன். அவர் தலையில் அடித்துக்கொண்டார். "கடுக்கா ஊறுன தோலுல ஒரு ஆணி பட்டாப் போதும், காயக் காய அந்த எடம் கருத்துப் போவும். எங்க வூட்டுக்காரவுக எத்தன தடவ சொல்லியிருக்காக! நீ மஞ்சளத் தடவுவேன்னு எனக்குத் தெரியாதே."

தெரியாதுதான். அவர்கள் வீட்டில் கடிதத்துக்கு மஞ்சள் தடவுகிற வழக்கமில்லை. எங்கள் வீட்டில் கடுக்காய்த் தண்ணீர் இல்லை. இரண்டும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பது யாருக்கும் தெரிந்திருக்க வழியில்லை. ஆனால் இந்த நியாயமெல்லாம் இப்போது தோன்றுவது. அன்றைக்கு எனக்குத் தோன்றியது ஒன்றுதான். இந்நேரம் அம்மா கவரைப் பிரித்திருப்பாள்.

என் வீட்டுக்காரர் வேலையிலிருந்து வந்தவர் உட்காரக்கூட இல்லை. தபாலாபீசுக்கு ஓடி, எல்லோரும் சுகம், கார்டில் தவறு என்று தந்தி கொடுத்துவிட்டு வந்தார். தந்தி வந்தாலே எங்கள் ஊரில் ஒப்பாரி வைத்துவிடுவார்கள் என்று நான் அதற்கும் அழுதேன். மூன்று நாள் பதில் இல்லை. அம்மா நெஞ்சு பலவீனமானவள். என் அழகு வாழ்த்து அவளைக் கொன்றேவிட்டதோ என்று அந்த மூன்று நாளும் பயந்துகொண்டிருந்தேன்.

நாலாம் நாள் காலை, குழாயடியில் தண்ணீர் பிடித்துக் குடத்தை இடுப்பில் வைத்துத் திரும்புகிறேன். எங்கள் சந்தின் முனையில் ஒரு பெரியவர் முதுகைக் காட்டி நின்று, கையிலிருந்த கவரை ஒருவரிடம் காட்டி விசாரித்துக்கொண்டிருந்தார். தோளில் துண்டு, கையில் துணிப்பை, அழுக்கேறிய வேட்டி. அந்த முதுகு எனக்குத் தெரியும். "ஐயா" என்று கூப்பிட்டேன்.

திரும்பினார். என் முகத்தைப் பார்க்கவில்லை. முதலில் என் காலைப் பார்த்தார். கால் தரையில் படுகிறதா என்று பார்த்தார். பெற்ற மகளைப் பேயோ என்று ஒரு மனிதர் அப்படிப் பார்த்ததை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை. பிறகுதான் கண் மெல்ல மேலே வந்தது. வாய் கோணிக்கொண்டது. அப்படியே சாக்கடை ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். என் குடம் எப்போது விழுந்தது என்று எனக்குத் தெரியாது. தண்ணீர் முழுக்க அவர் வேட்டியில்.

கைத்தாங்கலாக வீட்டுக்குள் கூட்டி வந்தேன். இருப்பது ஒரே அறை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். இரண்டு சொம்புத் தண்ணீர் குடித்தார். என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான்தான் மூச்சுவிடாமல் பேசினேன். அம்மா எப்படியிருக்கிறாள், தந்தி கிடைக்கவில்லையா என்று ஏதேதோ கேட்டேன். தந்தி என்றதும் புரியாமல் விழித்தார். தந்தி போய்ச் சேரும் முன்பே அவர் ரயிலேறிவிட்டார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. பேச்சை மாற்றத் துணிப்பையைக் கையிலெடுத்தேன். உள்ளே ஒரு சேலை. அரக்குச் சிவப்பு, பச்சைக் கரை, மடிப்புக் கலையாத புதுச் சேலை.

இதற்கு மேல் ஒரு மடச்சி இருக்க முடியுமா என்று தெரியவில்லை. எனக்கு மகிழ்ச்சி பொங்கிவிட்டது. "பொங்கப்படியா ஐயா?" என்று கேட்டுக்கொண்டே சேலையைப் பிரித்துத் தோளில் வைத்துப் பார்த்தேன்.

"ஏளா, அதத் தொடாத!" என்று அலறினார்.

அந்த அலறலில் எனக்கு விளங்கிவிட்டது. பெண் செத்துப்போனால் பிறந்த வீட்டிலிருந்து கோடி கொண்டு வருவார்கள். கடைசியாகப் போர்த்துகிற புதுச் சேலை. என் பிணத்துக்குக் கொண்டு வந்த கோடியைத்தான் நான் தோளில் போட்டுக்கொண்டு நிற்கிறேன். சேலை கையிலிருந்து நழுவியது.

ஐயா முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு சொன்னார். "வந்து சேருததுக்குள்ள எல்லாம் முடிஞ்சிருக்கும்னு தெரியும். வெறுங்கையோட வர மனசு வரல. இது ஒனக்கு வாங்குனதுதான். ஒன் கல்யாணத்துக்குன்னு நீ போறதுக்கு முந்தின வருசமே எடுத்து வச்சது. உசுரோட இருக்கயில குடுக்காதத செத்த பெறவு குடுக்க எடுத்துட்டு வந்தேன் பாத்தியா, நானெல்லாம் ஒரு அப்பன்."

அழுது முடிக்க இருவருக்கும் வெகு நேரம் ஆனது. பிறகு பெட்டியைத் திறந்து மீதிக் கார்டுகளைக் காட்டினேன். கரும்பையும் பானையையும் விரலால் தடவிப் பார்த்தார். இத்தனை பெரிய பானையும் சூரியனும் கண்ணில் படவில்லையா, உள்ளே நான் எழுதியதைப் படிக்கவில்லையா என்று கேட்டேன். எனக்குக் கோபமும் வந்துவிட்டது.

"கறுப்பப் பாத்தவன் எழுத்தயா பாப்பான்? ஒங்க அம்மா விழுந்து கெடக்கா. நான் கிழிச்சுத் தெருவுல எறிஞ்சுட்டு, கவர மட்டும் எடுத்துக்கிட்டு ஓடியாறேன்." பானையின் மேல் விரலை வைத்தபடி, "என்ன எழுதியிருந்த?" என்றார்.

எழுத மூன்று நாள் ஆன வரி அது. முகத்துக்கு நேராகச் சொல்ல வேண்டியதில்லை என்பதற்காகத்தானே கிழங்கைச் செதுக்கியதும் காகிதத்தைச் சாயத்தில் முக்கியதும். கடைசியில் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். "பொங்கலுக்கு நாங்க ரெண்டு பேரும் வரலாமான்னு கேட்டிருந்தேன்."

அவர் பதில் வந்தது சாயங்காலம். என் வீட்டுக்காரர் வேலை முடிந்து வந்து, வாசலில் செருப்பைக் கழற்றியவர் உள்ளே மாமனாரைப் பார்த்துச் சிலையாக நின்றுவிட்டார். இரண்டு வருஷமாக அந்த மருமகன் பெயரைக்கூட வீட்டில் எடுக்கவிடாத மனிதர், எழுந்து நின்று, துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, "பொங்கலுக்கு ஊருக்கு டிக்கட்டு கெடைக்குமா மாப்பிள்ள?" என்று கேட்டார்.

அம்மா பிழைத்துக்கொண்டாள். தந்தியைப் பள்ளிக்கூடத்து வாத்தியார் படித்துச் சொன்னதும்தான் எழுந்து உட்கார்ந்தாளாம். இங்கே பம்பாயில் மறுநாள், அந்தச் சேலையை மாகிம் பக்கம் கடலில் விட்டுவிட்டு வருகிறேன் என்று ஐயா கிளம்பினார். எதிர்வீட்டு அக்காகூட அதுதான் சரி என்றார். நான் விடவில்லை. எனக்கு வாங்கிய சேலையை நான் ஏன் கடலுக்குக் கொடுக்க வேண்டும் என்று சண்டை போட்டேன். நல்ல வெண்கலக் கிண்ணத்தில் மஞ்சளைக் குழைத்து அவர் முன்னால் வைத்தேன். புதுத் துணி என்றால் கட்டுவதற்கு முன் ஓரத்தில் மஞ்சள் வைப்பது வழக்கம்தானே. ஒரு மூலையில் வைத்தால் போதும். ஐயா நாலு மூலையிலும் வைத்தார். வைத்துவிட்டு, கறுக்கிறதா என்று வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

கறுக்கவில்லை. அந்தப் பொங்கலுக்கு அதைத்தான் கட்டிக்கொண்டு ஊரில் போய் இறங்கினேன். அம்மா வாசலில் நின்று என்னைப் பார்த்தாள், சேலையைப் பார்த்தாள், இறங்கி வந்து என்னைக் கட்டிக்கொண்டாள்.

அதற்குப் பிறகும் எத்தனையோ வாழ்த்து அட்டைகள் என் கையால் செய்தேன், மூலைகளை மட்டும் வெறுமையாக விட்டுவிடுவேன். பெட்டியில் இருந்த சேலையை ஐயாவும், மனசில் இருந்த ஒரு வரியை நானும் வெளியே எடுக்க நாலு கறுப்புப் புள்ளி தேவைப்பட்டதே என்று நினைக்கும்போது, இத்தனை வருஷத்துக்குப் பிறகும் எங்கள் இருவர் மீதும் எனக்குக் கோபம் வருகிறது. அதனால்தான் யாரிடமாவது சொல்ல வேண்டிய நல்ல சொல் ஒன்று இருந்தால், பொழுது சாய்வதற்குள் நேரில் போய்ச் சொல்லிவிட்டு வந்துவிடுகிறேன்.